மாமிக்குக் கால் வைக்க ஓர் இடம்

மாமி,

நேற்று வேலணையில் ஒரு கராஜில் மோட்டார் சைக்கிளுக்கு ஒயில் மாற்றக் கொடுத்திருந்தேன். கராஜ் அண்ணை வேலையை முடித்துவிட்டு, பின்னுக்கு இருப்பவர் கால் வைக்கிற கம்பியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் குந்தியிருந்தார். வலப்பக்கத்தில் இருப்பது கம்பனி போட்ட கம்பி. இடப்பக்கத்தில் இருப்பது அதைவிட மூன்று அங்குலம் கீழே, அகலமாக, வேறு நிறத்தில் தொங்குகிறது. "உதென்ன கோலம் பிள்ளை? கழட்டிப்போட்டு ரெண்டு பக்கமும் ஒரேமாதிரிப் போட்டு விடட்டே?" என்று கேட்டார்.

வேண்டாம், ரப்பரை மட்டும் மாற்றித் தாருங்கள் என்றேன். பழைய ரப்பர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து வழுவழுப்பாகக் கிடந்தது, உங்கள் குதிக்கால் படுகிற பக்கம். அவர் புது ரப்பரைத் தட்டி ஏற்றியபோது அதன் மணம் எழும்பியது. புதுச் செருப்புப் பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த மணம். யாழ்ப்பாணத்தில் இந்தக் கம்பி வாங்கிய கடைக்குள் உங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நின்ற பகல் அப்படியே திரும்பி வந்தது. வீட்டுக்கு வந்ததும் உங்கள் அளவுக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் இதை எழுதத் தொடங்கியிருக்கிறேன். கொப்பி வீணாகிறது என்று ஏசாதீர்கள்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டபோது வீட்டில் எல்லோரும் ஒரு கிழமை ஏசினார்கள். ஓ.எல். சோதனைக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது. படிப்பு வராமல் விடவில்லை. எழும்பி நின்று வாசி என்றால் குரல் வெளியே வராது, கடைசி வாங்கில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், அடுத்த நாள் வயிற்றுவலி என்று படுத்துவிடுவேன். இதை அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வீட்டோடு இருந்து ஊருக்குத் தைத்துக் கொடுத்த நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. கொக்கி தைக்க வேண்டிய எட்டு பிளவுஸை என் மடியில் போட்டுவிட்டு, "நாளைக்குக் குடுக்கவேணும்" என்று மட்டும் சொன்னீர்கள்.

பிறகு அண்ணா கட்டாருக்குப் போனான். அவன் விட்டுப்போன மோட்டார் சைக்கிளில் பழகி, பதினெட்டு முடிந்த கையோடு லைசென்ஸும் எடுத்தேன். அன்றிலிருந்து நான் உங்கள் டிரைவர். புங்குடுதீவு முழுக்க, பாலம் தாண்டி வேலணை, குறிகட்டுவானில் சைக்கிளை விட்டுவிட்டுப் படகில் நயினாதீவு. அளவு எடுப்பதும் தைத்ததைக் கொடுப்பதும் வீடு வீடாகத்தான். வேலிப் படலையில் நின்று "வீட்டுக்காரர்" என்று நீங்கள் கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக்காரரும் வருவார்கள். நான் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்று கண்ணாடியைத் துடைப்பேன். என்னைப் பற்றி யாராவது கேட்டால், "என்ர டிரைவர் வாய் திறக்காது. அதாலைதான் பெற்றோல் மிச்சம்" என்பீர்கள்.

நீங்கள் நயினாதீவுப் படகால் இறங்கும்போது விழுந்து வலது முழங்காலை உடைத்தது அடுத்து வந்த மாரி மழைக்காலத்தில். தகடு வைத்துத் தைத்தார்கள். நடக்கலாம், மெசின் மிதிக்கலாம், ஆனால் கால் ஒரு அளவுக்கு மேல் மடங்காது. கதிரையில் இருந்தால் கால் எப்போதும் கொஞ்சம் முன்னுக்கு நீட்டிக்கொண்டு நிற்கும். போகிற வருகிறவர்கள் அதில் தடக்குப்பட்டால் நீங்கள்தான் அவர்களைப் பேசுவீர்கள்.

மோட்டார் சைக்கிளில் ஏற்றி இருத்திப் பார்த்தோம், நினைவிருக்கிறதா? நீங்கள் சாறியோடு எப்போதும்போல இரண்டு காலையும் இடப்பக்கம் போட்டு இருந்தீர்கள். கம்பியில் காலை வைத்தால் முழங்கால் கூடுதலாக மடங்கிக் குத்தியது. வைக்காமல் தொங்கவிட்டால் பாலத்துப் பள்ளங்களில் கால் ஆடி, வேலணைக்குப் போய்ச் சேர முதலே பாதம் பூரிபோல வீங்கிவிட்டது. பாதியில் திரும்பி வந்தோம். இனி வீட்டோடு இருந்து தையுங்கள், சனம் தேடி வரும் என்று அம்மா சொன்னா. அண்ணாவும் போனில் அதையே சொன்னான். நீங்கள் போனை என்னிடம் தந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். நான் போனை வைத்துவிட்டேன். வழக்கம்போல.

நயினாதீவுக் கொடியேற்றத்துக்கு மூன்று கிழமை இருந்தது. திருவிழாவுக்குத்தான் எங்களுக்கு வேலை கூட. நீங்கள் தைத்து வைத்த ஆறு பிளவுஸை நான் தனியே கொடுக்கப் போனேன். முதல் வீட்டுப் படலையில் ஒரு நாய் நின்றது. கூப்பிட வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்து, ஒரு வீட்டிலும் ஆட்கள் இல்லை என்று உங்களிடம் சொன்னேன்.

"ஆறு வீட்டிலையுமோ?" என்று கேட்டீர்கள்.

"ஓம்."

"ஊரே காலி பண்ணிப்போட்டுதாக்கும்" என்றுவிட்டு ஊசியில் நூல் கோத்தீர்கள். ஏசவில்லை. ஆனால் அன்று பின்னேரம் நீங்கள் சொன்னது என்னைக் குத்தியது: "நான் ஏறி இருக்க ஏலாட்டி உந்த வேலை நிண்டுபோம் பிள்ளை. எனக்கு வேறையொண்டும் வேண்டாம். கால் வைக்க ஒரு இடம், அவ்வளவுதான்."

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கம்பி உயரத்தில் இருப்பதுதானே பிரச்சினை, அதைக் கீழே இறக்கினால் என்ன? பெடியன்கள் தங்கள் சைக்கிள்களுக்கு விதம் விதமாக மாற்றிப் போடுகிறார்கள். இதை நான் உங்கள் மெசினுக்குப் பக்கத்தில் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு, மூன்றே வசனத்தில் சொன்னேன். நீங்கள் உடனே அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எழும்பினீர்கள்.

சைக்கிளை நடு ஸ்ராண்டில் நிறுத்தி, மதிலோடு அணைத்து, உங்களை ஏற்றி இருத்தினேன். காலை நோகாத அளவுக்கு நீட்டச் சொன்னேன். இருக்கையிலிருந்து உங்கள் குதிக்கால் வரைக்கும் நாடாவைப் பிடித்தேன். பதினைந்து அங்குலம். பழைய கம்பி பன்னிரண்டில் இருந்தது. நீங்கள் சைக்கிளில் இருந்தபடியே கொப்பியை வாங்கி, இரண்டு பிளவுஸ் அளவுகளுக்கு நடுவில், உங்கள் பெயரை எழுதி, அதற்குக் கீழே "கால்" என்று எழுதி, அளவையும் போட்டீர்கள். கழுத்து, தோள், கை என்று போகிற கொப்பியில் அந்த ஒரு கால். இப்போது அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்துக்கு பஸ்ஸில் போனோம். கடை முழுக்க ஆம்பிளைகள், பொம்பிளைகள் என்று நாங்கள் இரண்டு பேர்தான். நான் உங்கள் சாறித் தலைப்புக்குப் பின்னால். கடைக்கார ஐயா சுவரில் தொங்கிய கம்பிகளைக் காட்டினார். கடையில் அதற்குப் பெயர் புட்றெஸ்ட். சிவப்பு, நீலம், பொன் நிறம், எல்லாம் மினுங்கின. சிலதில் செருப்பு வழுக்காமல் இருக்கப் பல்லுப் பல்லாக வெட்டியிருந்தது. நீங்கள் உங்கள் பையிலிருந்து இரண்டு வெட்டுத் துணியை எடுத்தீர்கள், ஒன்று நைலெக்ஸ், மற்றது பட்டு. ஒவ்வொரு புட்றெஸ்டாகக் கையில் வாங்கி அந்தத் துணிகளால் தேய்த்துப் பார்த்தீர்கள். நூல் கொழுவினால் அது வேண்டாம். முதல் நாலும் கொழுவியது. கடைக்கார ஐயா வேறு ஆளுக்குச் சாமான் எடுத்துக் கொடுப்பதை நிறுத்திவிட்டு உங்களையே பார்த்தார்.

"அம்மா, இது ரேஸ் ஓடுற சைக்கிளுக்குப் போடுறது. நல்ல சாமான்."

"நல்ல சாமான்தான் தம்பி. ஆனா பல்லு முளைச்சிருக்கு. என்ர சாறியைத் தின்னும்."

வாங்க வந்த பெடியன்கள் சிரித்தார்கள். என் காது சூடாகியது. உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் ஐயா உள்ளே போய், தூசி படிந்த ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். இரும்பு, கறுப்பு, இரண்டு பாதமும் ஒன்றாக வைக்கிற அகலம், மேலே தடித்த ரப்பர், ஆள் இல்லாதபோது மடித்து விடலாம். பட்டுத் துணி அதன்மேல் வழுக்கிக்கொண்டு போனது. "இதுதான் மனுசர் கால் வைக்கிற சாமான்" என்றீர்கள்.

அதைக் கீழே இறக்க ஒரு இரும்புத் தகடு வேண்டும். பழைய கம்பி பூட்டுகிற இடத்தில் தகட்டைப் பூட்டி, அதன் அடியில் புதியதைப் பூட்டுவது. பக்கத்து லேத்துக் கடையில் வெட்டித் தருவார்கள், இருக்கையிலிருந்து எத்தனை அங்குலத்தில் கால் வரவேண்டும் என்று ஐயா கேட்டார்.

நீங்கள் கொப்பியைத் திறந்து பார்த்துவிட்டு, "பதினேழு" என்றீர்கள்.

நான் பிடித்தது பதினைந்து. உங்கள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன், கொப்பியிலும் பதினைந்துதான் இருந்தது. ஆனால் நீங்கள் இவ்வளவு உறுதியாகச் சொல்லும்போது ஏதோ காரணம் இருக்கும் என்று நினைத்தேன். பெடியன்கள் வேறு நின்றார்கள். வாயைத் திறக்கவில்லை. தகடு பதினேழுக்கு வெட்டுப்பட்டது.

அடுத்த நாள் காலை முற்றத்தில் சாக்கை விரித்துப் பூட்டத் தொடங்கினேன். பழைய கம்பியின் நட்டு உப்புக் காற்றில் துருவேறி அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, அண்ணாவின் நட்டுக் கழற்றுகிற சாவியில் ஒரு குழாயைக் கொழுவி நீளமாக்கி, இரண்டு பேருமாக அமத்தினோம். கிறீச் என்று அது விட்டபோது நீங்கள் கை தட்டினீர்கள். தகட்டைப் பூட்டி, புட்றெஸ்டை அதில் கொழுவி, அது கழன்று விழாமல் ஊடே குத்துகிற சின்ன பின்னை எடுத்தால், கையிலிருந்து நழுவி மணலுக்குள் போய்விட்டது. அரை மணி நேரம் தேடினேன். நீங்கள் உள்ளே போய், நிலத்தில் சிந்திய ஊசி பொறுக்குகிற காந்தத்தைக் கொண்டுவந்து, கதிரையில் இருந்தபடி நூலில் கட்டி மணலில் இழுத்தீர்கள். முதலில் இரண்டு தையல் ஊசி வந்தது, பிறகு ஒரு பழைய கொக்கி, பிறகு பின். மீன் பிடிப்பவர்போல அதைத் தூக்கிக் காட்டினீர்கள்.

பின்னைக் குத்தி வளைத்தேன். உங்களை ஏற்றி இருத்தினேன். நீங்கள் பெருமையாகக் காலை நீட்டினீர்கள். கால் கம்பியைத் தேடியது. கம்பி அங்கே இல்லை, இரண்டு அங்குலம் கீழே இருந்தது. பெருவிரலை நீட்டித் தொட்டுப் பார்த்தீர்கள், பெரியவர்களின் கதிரையில் ஏறி இருந்த சின்னப்பிள்ளைபோல.

திருவிழாவுக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. பிறகு நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன், "நான் அளந்தது பதினைஞ்சு, மாமி."

"பதினைஞ்சுதான். கொப்பியிலையும் போட்டிருக்கிறன்."

"கடையிலை பதினேழு எண்டு சொன்னனீங்கள்."

"ஓம். தையலுக்கு ரெண்டு விட்டுத்தானே..." என்று தொடங்கினீர்கள். அத்தோடு நின்றீர்கள். காலைப் பார்த்தீர்கள். கம்பியைப் பார்த்தீர்கள். முப்பது வருடமாக யாருக்கு எதை வெட்டினாலும் கூட விட்டு வெட்டிய கை, மாமி. தோய்த்தால் சுருங்கும், ஆள் கொழுத்தால் பிரித்து விடலாம் என்று இரும்புக்கும் விட்டுவிட்டீர்கள்.

நீங்கள் சிரித்த சிரிப்பில் சைக்கிள் ஆடியது. விழுந்துவிடுவீர்கள் என்று நான் பிடித்துக்கொண்டேன். எனக்கும் சிரிப்பு வந்து பிடி விட்டுப்போகப் பார்த்தது. அம்மா குசினியிலிருந்து ஓடி வந்து, யாருக்கு என்ன என்று கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு திரும்பிப் போனா.

கண்ணைத் துடைத்துவிட்டு நீங்கள் கேட்டீர்கள், "எடி, உனக்குத் தெரிஞ்சிருக்கு. கடையிலை ஏன் சொல்லேல்லை?"

"ஆக்கள் நிண்டவை."

"நான் பிழை விட்டால் ஆக்களுக்கு முன்னாலையே சொல்லு. எனக்கு வெக்கமில்லை. உனக்கென்ன?"

தகட்டை நானே கழற்றினேன், நானே வேலணைக்குக் கொண்டுபோகிறேன் என்றும் சொன்னேன். நீங்கள் துண்டு எழுதித் தரட்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம் என்றேன். பாலம் முழுக்க ஒரே வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். இரும்பு ஒட்டுகிற கடையில் ஒருவர் முகமூடி போட்டு வேலை செய்துகொண்டிருந்தார். முகம் தெரியாதது எனக்கு நல்லதாகப் போய்விட்டது.

"ரெண்டு அங்குலம் கீழை ரெண்டு ஓட்டை போட்டுத் தாங்கோ, அண்ணை. மேலை மிஞ்சிறதை வெட்டிவிடுங்கோ."

அவர் முகமூடியைத் தூக்கினார். ஒன்றரை போதாதா என்று கேட்டார். போதாது, இரண்டு, கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம் என்றேன். வெட்டின விளிம்பை அராவித் தாருங்கள், சாறி கொழுவும் என்றும் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான், நான் ஒரு அந்நிய ஆளோடு இவ்வளவு கதைத்துவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது.

அடுத்த நாள் நீங்கள் ஏறி இருந்தபோது கால் நேரே போய்க் கம்பியில் இருந்தது. நீங்கள் பாதத்தை அதன்மேல் இரண்டு தரம் தட்டினீர்கள்.

அந்த ஆறு பிளவுஸோடும் புறப்பட்டோம். முதல் வீடு, நான் திரும்பி வந்த அதே வீடு. சைக்கிளை நிறுத்தி, நீங்கள் இறங்கக் கை கொடுத்தேன். நீங்கள் இறங்கவில்லை. சாறித் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, வெயிலுக்குக் குடையை விரித்து, காலைக் கம்பியில் நன்றாக அழுத்தி வைத்தீர்கள்.

"எனக்கு இப்பதான் கால் சுகமா இருக்கு. நீ போய்க் கூப்பிடு."

நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் எங்கேயோ பனைகளைப் பார்த்தீர்கள். படலைக்குப் போய் "வீட்டுக்காரர்" என்றேன்.

"நாய்க்கே கேக்கேல்லை" என்று பின்னுக்கிருந்து குரல் வந்தது.

உண்மைதான், நாய் படுத்தபடியே கிடந்தது. இன்னொரு தரம் கூப்பிட்டேன். நாய் தலையைத் தூக்கியது. மூன்றாவது தரம் அது எழும்பிக் குரைக்க, அந்த வீட்டு அக்கா வெளியே வந்தா. பிளவுஸைக் கொடுத்தேன், எப்படி இருக்கிறது என்று கேட்டேன், காசை வாங்கினேன். திரும்பி வந்து ஏறியபோது நீங்கள் குடையை மடித்து என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினீர்கள். அன்று ஆறு வீட்டிலும் உங்களுக்குக் கால் சுகமாகவே இருந்தது.

அதன் பிறகு ஒரு திருவிழாக் காலமும் ஒரு மாரியும்தான். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சரிந்த நீங்கள் பிறகு எழும்பவில்லை. மெசினில் பாதி தைத்த பிளவுஸ் கை இருந்தது. அதை நான்தான் முடித்தேன், மாமி. தையல் கொஞ்சம் கோணல்.

முப்பத்தோராம் நாள் கழிந்த பிறகு, நீங்கள் தைத்து முடித்து வைத்திருந்தவற்றைக் கொடுக்கத் தனியே போனேன். முதல் படலையில் இறங்கி, கொஞ்சம் நின்றேன். பிறகு கூப்பிட்டேன். ஒரே தரத்தில் அந்த வீட்டு அக்கா வந்தா. பிளவுஸை வாங்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "அவ தைச்ச கடைசிச் சட்டையே இது?" என்று கேட்டு அழத் தொடங்கினா. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நீங்கள் என்றால் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பீர்கள். எனக்குத் தெரிந்த கதை ஒன்றுதான். சைக்கிளைக் காட்டி, "அந்தக் கம்பியைப் பாருங்கோ அக்கா" என்று தொடங்கினேன். கடை, துணியால் தேய்த்தது, பல்லு முளைத்த புட்றெஸ்ட், பதினேழு, தேடித் தேடி அந்தரத்தில் நின்ற கால், எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் நிறுத்தப் பார்த்தேன், அவ விடவில்லை. கன்னத்தில் கண்ணீரோடு சிரித்தா. உள்ளே கூட்டிக்கொண்டுபோய், தன் மகளைக் கூப்பிட்டு, திரும்பவும் சொல்லச் சொன்னா.

இரண்டாம் வீட்டிலும் சொன்னேன். மூன்றாம் வீட்டில் கேட்டு வாங்கினார்கள், செய்தி எனக்கு முதலே போய்விட்டிருந்தது. இப்போது நயினாதீவில்கூட, அளவு எடுக்கப் போனால் தேத்தண்ணியைத் தந்துவிட்டு, மாமியின் கால் கதையைச் சொல்லும் என்கிறார்கள். சொல்கிறேன். எந்த இடத்தில் நிறுத்தவேண்டும், எந்த இடத்தில் உங்கள் குரலில் சொல்லவேண்டும் என்று பழகிவிட்டது. உண்மையில் நீங்கள் சொன்னது பதினேழு. போன கிழமை ஒரு கலியாண வீட்டில், கூடம் நிறைய ஆட்கள் இருக்க, அதை இருபது ஆக்கிவிட்டேன். சனம் நன்றாகச் சிரித்தது. கோபிக்காதீர்கள் மாமி, நீங்கள் சொல்லியிருந்தால் இருபத்தைந்துக்குக் குறைத்திருக்க மாட்டீர்கள்.